நாள்பட்ட மனச்சோர்வு: மனக்கவனப் பயிற்சியையும் அன்றாடப் பழக்கங்களையும் தொடங்கும் முறை

பெரியவர் ஒருவருக்கு 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ பெரும்பாலான நாட்கள் சோர்வாகவே கழிந்தால், மருத்துவர்கள் அதை நாள்பட்ட மனச்சோர்வாகக் கருதுகிறார்கள். சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் இந்தக் கால அளவு 1 ஆண்டு. இந்நோய் உள்ளவர் பல நேரங்களில் வேலைக்குப் போகிறார், வீட்டையும் கவனித்துக்கொள்கிறார், ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறார். நெடுநாள் அப்படியே இருந்துவிட்டதால், "என் சுபாவமே இப்படித்தான்" என்று அவரும் நம்பிவிடுகிறார், வீட்டாரும் நம்பிவிடுகிறார்கள். இது சுபாவம் அன்று, சிகிச்சைக்கு உட்படும் நோய்.

ஆகவே முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே போன்ற சோர்வைத் தரக்கூடும் என்பதால், தேவையான இரத்தப் பரிசோதனைகளை அவர் எழுதித் தருவார். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். பயிற்சியால் மனம் தெளிந்துவிட்டது என்று எண்ணி, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

மனக்கவனப் பயிற்சி என்பது, இந்த நொடியில் மனத்திலும் உடலிலும் நடப்பதை மாற்ற முயலாமல் கவனிக்கப் பழகுவது. அதை 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் ஸீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் அதை, எண்ணங்களைப் பேசி ஆராயும் சிந்தனைச் சிகிச்சையோடு இணைத்து, 8 வாரப் பயிற்சியாக அமைத்தார்கள். மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கு அது திரும்ப வராமல் தடுப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. எனவே கடுமையான சோர்வில் இருப்பவர் இதை மட்டுமே நம்பியிருப்பது சரியன்று. மருந்துக்கும் ஆலோசனைக்கும் துணையாகக் கொள்வதே நல்லது.

சோர்வுற்ற மனம் பழைய பேச்சுகளையும் தவறுகளையும் ஓயாமல் அசைபோடுகிறது. அந்த எண்ணங்களை விரட்ட முயன்றால் அவை இன்னும் வலுப்படுகின்றன. எண்ணத்தை எண்ணமாக மட்டும் கண்டுகொள்வதற்கு, 3 நிமிடங்களில் முடியும் இந்தச் சிறு பயிற்சியைப் பழகலாம். நாற்காலியில் முதுகு நிமிர்ந்து, பாதங்கள் தரையில் படும்படி உட்காருங்கள். முதல் நிமிடத்தில், இப்போது என்ன எண்ணம் ஓடுகிறது, தோளும் தாடையும் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். எதையும் மாற்ற வேண்டாம். இரண்டாவது நிமிடத்தில், மூச்சு உள்ளே போகும்போது வயிறு எழுவதையும் வெளியே வரும்போது தாழ்வதையும் மட்டும் கவனியுங்கள். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் நடுவில் வந்தால், "லாயக்கில்லை என்ற எண்ணம் வந்திருக்கிறது" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, மீண்டும் மூச்சுக்குத் திரும்புங்கள். கவனம் இருபது முறை சிதறினாலும், ஒவ்வொரு முறையும் திரும்பி வருவதுதான் பயிற்சி. கடைசி நிமிடத்தில் கவனத்தை உடல் முழுவதற்கும் விரித்து, பிறகு எழுந்து அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

கண்ணை மூடினால் பழைய அதிர்ச்சிகள் மேலெழுந்து பதற்றம் கூடுபவர்கள், கண்ணைத் திறந்தபடியோ நடந்துகொண்டோ செய்யலாம். அப்படியும் பதற்றம் தணியாவிட்டால், பயிற்சியை நிறுத்திவிட்டு ஆலோசகரிடம் சொல்ல வேண்டும்.

பழக்கங்களை மாற்றும்போது பெரும்பாலோர் மனம் சரியான பிறகு செய்துகொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். இந்நோயில் அந்த நாள் தானாக வருவது அரிது. செயல் முன்னே போனால்தான் மனம் பின்னே வருகிறது. ஒரு நோட்டில் மறுநாளுக்கு ஒரே ஒரு சிறு செயலை நேரத்தோடு எழுதுங்கள்: "மாலை 5.30, தெருமுனை வரை நடை." செய்வதற்கு முன்பும் பின்பும் மனநிலைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுங்கள். 2 இருந்த இடத்தில் 3 வந்தாலும் அதை எழுதிவையுங்கள், ஏனெனில் எதுவுமே பயன் தரவில்லை என்று மனம் சாதிக்கும் நாளில் அந்த நோட்டுதான் சாட்சி. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு. அதைக் கண்டு மலைக்காமல் 10 நிமிட நடையில் தொடங்கலாம்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக வைப்பது எளிது. இரவு தூக்கம் கெட்டாலும் காலையில் அதே நேரத்தில் எழுந்து, கைபேசியை எடுப்பதற்கு முன் மொட்டைமாடியிலோ வாசலிலோ சிறிது நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். மது மனச்சோர்வைக் கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும். உணவில் தனிப் பத்தியம் தேவையில்லை, வேளை தவறாமல் சாப்பிட்டால் போதும்.

வீட்டிலிருப்பவர்கள் "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்" என்று புத்தி சொல்வதைவிட, செருப்பை மாட்டிக்கொண்டு "வாங்க, நானும் கூட நடக்கிறேன்" என்று கூப்பிடுவது மேல். வாழ்வதில் பொருளில்லை என்ற பேச்சு வந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாமல், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.