தண்ணீர் சுத்திகரிப்பு நிலைய விரிவாக்கம்: சுற்றுச்சூழல் ஆய்வில் நாம் செய்யும் தவறுகள்

ஊருணிக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டால், செட்டிநாட்டில் எந்த ஆச்சியும் கையை நீட்டிக் காட்டிவிடுவார். அதே ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்க எழுதப்படும் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். காற்றின் தரம், ஒலி அளவு, மண் மாதிரி எல்லாம் அட்டவணை போட்டு இருக்கும். ஆச்சி காட்டிய அந்த வரத்துக்கால், அதாவது மழைத்தண்ணீர் ஊருணிக்கு ஓடிவரும் வழி மட்டும் இருக்காது.

இந்த மாதிரி அறிக்கைகளுக்குக் களப்பணி செய்து சில வருடங்கள் ஓட்டியவன் நான். கீழே சொல்லும் தவறுகளில் சிலதை நானே செய்திருக்கிறேன்.

முதலில் ஒரு சட்டக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இல்லை. அதனால் முன் அனுமதி பொதுவாகத் தேவைப்படாது. உடனே, "அனுமதிதான் வேண்டாமே, ஆய்வு எதற்கு?" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். உலக வங்கியோ ஆசிய வளர்ச்சி வங்கியோ கடன் கொடுத்தால் அவர்களுடைய விதிப்படி ஆய்வு கட்டாயம். வங்கிக் கடனே இல்லாவிட்டாலும், கழிவை ஓடையில் விடப்போகிறோம் என்றால் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் குறுக்கே நிற்கும். குழாய் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஒன்றின் பக்கமாகப் போனால், முதல் 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். திருமயம் கோட்டைப் பக்கமோ குன்றக்குடி குடைவரைப் பக்கமோ குழாய் பதிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. நிலத்தில் பனை நின்றால், மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. சரி, சட்டம் இவ்வளவு போதும்.

காம்பவுண்டுச் சுவரோடு முடிந்துபோகும் வரைபடம்

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். விரிவாக்கத்துக்கு நாலு ஏக்கர் நிலம் என்றால், ஆய்வும் அந்த நாலு ஏக்கருக்குள் சுற்றி வந்து நின்றுவிடுகிறது. சுற்றி 10 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டிருப்பார்கள், உண்மைதான். அந்த வட்டத்துக்குள் கோயில் எத்தனை, பள்ளிக்கூடம் எத்தனை என்ற எண்ணிக்கை இருக்கும். நிலத்தின் மேல் விழும் மழை எங்கே போகிறது என்பது இருக்காது.

நம் பக்கத்து நிலம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும். செம்மண், அங்கங்கே செம்புராங்கல், நடுவில் கருவேலம் புதர். ஆனால் அந்தத் தட்டையிலேயே ஒரு சாய்வு உண்டு. அந்தச் சாய்வை நம்பித்தான் ஊருணியும் கண்மாயும் வெட்டினார்கள். வீட்டுக்குள்ளேயே அதைப் பார்க்கலாம்: கூரையில் விழும் மழை நாலாபக்கமும் வளவுக்குள் இறங்கி, முற்றத்துக் கல்வழியாக வடிகாலுக்கு வந்து, தெரு வழியாக ஊருணியைச் சேரும். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அந்த ஊர்களின் சிறப்பில் பாதி மாளிகைத் தூண்களில் இருக்கிறதென்றால் மீதிப் பாதி இந்தத் தண்ணீர்க் கணக்கில் இருக்கிறது என்பேன்.

இப்போது அந்தச் சாய்வின் நடுவில் நாலு ஏக்கரை மூன்றடி உயர்த்தி, சுற்றிச் சுவர் எழுப்புகிறோம். தொட்டிக்குள் வெள்ளம் வரக் கூடாதே! வராதுதான். வராத வெள்ளம் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு முறை, சித்திரை மாத வெயிலில் அப்படி ஒரு நிலத்தை நடந்து பார்த்துவிட்டு, "திட்டப் பகுதியில் நீர்நிலை எதுவும் இல்லை" என்று எழுதினேன். பொய் சொல்லவில்லை. காய்ந்த புதரும் ஆட்டுப் புழுக்கையும்தான் கிடந்தன. கார்த்திகையில் கருத்துக் கேட்புக்குப் போனபோது கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு ஆச்சி எழுந்தார்.

"ஏன் தம்பி, வெயில்ல வந்துட்டு ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டுப் போனது நீங்கதானே? இப்ப வாங்க, காட்டுறேன்."

கூட்டிக்கொண்டு போனார். நான் புதர் என்று நினைத்த பள்ளத்தில் முழங்கால் அளவுக்குச் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஊருணி. சுவருக்கான அடித்தளம் அந்தப் பள்ளத்தைச் சரியாகக் குறுக்கே வெட்டியிருந்தது. தண்ணீர் போவதற்கென்று ஒப்பந்ததாரர் இரண்டு ஹியூம் பைப் போட்டிருந்தார். அதில் ஒன்று முதல் மழையிலேயே மண் அடைத்துக் கிடந்தது.

இதைத் தவிர்க்கப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) வாங்கிப் பாருங்கள். "வாய்க்கால் புறம்போக்கு", "ஓடைப் புறம்போக்கு" என்று அதில் எழுதியிருக்கும், தரையில் தடமே இல்லாவிட்டாலும். அப்புறம் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் ஊர் நீர்பாய்ச்சி ஒருவரைக் கூட்டிக்கொண்டு மழை நாளில் ஒரு தடவை நடந்துவிடுங்கள். நான் அன்று இந்த இரண்டையும் செய்யவில்லை.

ஒரே பருவத்து அளவை வருடம் முழுதுக்கும் ஒட்டுவது

மேலே சொன்னது இந்தத் தவறுக்கும் உதாரணம்தான். நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. நிலத்தடி நீரை நம்பிய விரிவாக்கம் என்றால், தை மாதத்தில் பம்பு ஓட்டிச் சோதித்துவிட்டு "ஊற்று தாங்கும்" என்று எழுதக் கூடாது. மழை முடிந்த கையோடு எந்தக் கிணறும் தாங்கும். சித்திரை, வைகாசியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் கூடவே அளக்க வேண்டும். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசி பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அப்படிப்பட்ட ஊற்றின் மேல் மழை எங்கெல்லாம் இறங்குகிறது, அந்த மேட்டில் இப்போது என்ன கட்டுகிறார்கள் என்பதும் ஆய்வுக்குள் வர வேண்டிய சங்கதி.

பறவைகளுக்கும் இதே கதை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. அங்கே வரும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த வட்டாரத்தில் மே மாதம் கணக்கெடுத்தால் காக்காயும் மைனாவும்தான் பட்டியலில் வரும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

சுத்திகரிப்பு நிலையம் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது, அதனால் அதில் கழிவு இருக்காது என்ற நினைப்பு அதிகாரிகளிடம்கூட உண்டு. தண்ணீரிலிருந்து எடுத்த அழுக்கு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்?

மணல் வடிப்பானைக் கழுவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். அடியிலிருந்து காற்றும் தண்ணீரும் மேல்நோக்கி வரும். மணல் கொதிப்பது போலக் குமிழும். முதல் சில நிமிடம் டீத் தண்ணீர் நிறத்தில் வழிந்து, மெல்லத் தெளியும். பிளான்ட்டில் இருப்பவர்கள் இதை பேக்வாஷ் என்பார்கள். சுத்திகரிக்கும் நீரில் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதம் இதற்கே போய்விடும். நாளைக்கு ஒரு கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையத்தில் 3 சதவீதம் என்று வைத்தாலும் மூன்று லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 25 லாரி, தினமும்.

இதோடு படிகாரக் கசடு. கலங்கலைப் படியவைக்க லிட்டருக்கு 30 மில்லிகிராம் படிகாரம் போட்டால், அதே நிலையத்தில் நாளைக்கு 300 கிலோ ஆகிறது. அதிலுள்ள அலுமினியம் வண்டலோடு சேர்ந்து தொட்டியின் அடியில் கொழகொழவென்று தங்கும். ஓடையில் விட்டால், கொஞ்ச நாளில் ஓடையின் தரை சாம்பல் நிறப் பசை பூசினது போல ஆகிவிடும். மேல் தோல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும், காலை வைத்தால் உள்ளே வழுக்கும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது.

அறிக்கையில் இதற்கு ஒரு வரி எழுதுவார்கள்: "கசடு உலர்த்தும் தளங்களில் காயவைத்து அப்புறப்படுத்தப்படும்." எங்கே அப்புறப்படுத்துவது என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, கார்த்திகை மழையில் எப்படிக் காயும்? பல இடங்களில் தளத்தின் அளவைக் கோடை வெயிலை வைத்துக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில்தான் ஆற்றுத் தண்ணீர் கலங்கி வரும், கசடும் அப்போதுதான் அதிகம். தளம் நிறைந்துவிடும், அடுத்த லோடுக்கு இடம் இருக்காது. இரவு ஷிப்டில் இருப்பவர் என்ன செய்வார்? வால்வைத் திறந்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

தளத்துக்குக் கூரை போடுவதா, கூடுதல் தளமா, கசடைப் பிழியும் இயந்திரமா என்பதை ஆய்வு நடக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். பேக்வாஷ் தண்ணீரை ஒரு தொட்டியில் தெளியவைத்து, மேல்தண்ணீரைச் சிறிது சிறிதாக, நிலையத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்துக்கே திருப்பிவிட்டால் அந்த 25 லாரியில் பெரும்பகுதி மிச்சம். கிருமிகளும் கூடவே திரும்பும் என்பதால் மொத்தமாக ஒரே நேரத்தில் விடக் கூடாது.

பெருகும் சாக்கடை

குழாயில் கூடுதலாக ஒரு கோடி லிட்டர் வந்தால், அதில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. 80 லட்சம் லிட்டர். குடிநீர்த் திட்டம் ஒரு கோப்பு, பாதாளச் சாக்கடை வேறு கோப்பு என்று இதை யாரும் தொடுவதில்லை. கோப்புகள் தனித்தனி, தண்ணீர் ஒன்றுதான். மழைநீரை ஊருணிக்குக் கொண்டுபோகக் கட்டிய தெரு வடிகாலிலேயே இந்தக் கழிவும் இறங்கும். "திட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது" என்று எழுதித் தப்பிப்பது எளிது. நானும் எழுதியிருக்கிறேன்.

குளோரின் விஷயத்தை மூன்று வரியில் முடித்துவிடலாம். 900 கிலோ உருளையில் வாயுவாக வைப்பதென்றால், அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்படி யாராவது இருந்தால் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை மாற்று வழியாக எழுதுங்கள்.

மாற்று வழி என்றதும் இன்னொன்று. "மாற்றுகள்" என்ற அத்தியாயத்தில் நிலம் ஒன்று, நிலம் இரண்டு என்று ஒப்பிட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். பழைய குழாயில் ஒழுகுவதை அடைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் முதல் மாற்று. ஒழுகலை அளக்காமல் புதுத் தொட்டி கேட்பது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய வாளி வாங்குவது மாதிரி. பழைய குழாய் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்டாக இருந்தால் அதை உடைத்துப் பெயர்க்கும்போது கிளம்பும் தூசு நுரையீரலுக்கு ஆபத்து, தொடாமல் மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதைப் பதிப்பது நல்லது. தேரோடும் வீதியில் பள்ளம் தோண்டும் நாளைக் கோயில் காரியக்காரர்களிடம் கேட்டுவிட்டுக் குறியுங்கள்.

கருத்துக் கேட்பை நகராட்சி அலுவலகத்தில், வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? கசடு இறங்கும் ஓடை பக்கத்து ஊராட்சியில் இருக்கும், அங்கே யாருக்கும் தகவலே போயிருக்காது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அங்கே போய் வரைபடத்தை விரித்துவையுங்கள். திட்டு வாங்குவீர்கள், வரத்துக்கால்கள் எல்லாம் அன்று மாலைக்குள் வரைபடத்தில் ஏறிவிடும்.

கடைசியாகப் பணம். சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம் என்று இருபது பக்கம் எழுதிவிட்டு, அதை ஒப்பந்தப் புள்ளியின் விலைப்பட்டியலில் சேர்க்காமல் விடுகிறார்கள். பட்டியலில் இல்லாத வேலையை ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார். வரத்துக்காலைத் தூர்வாரி, சுவருக்கு அடியில் ஆள் நுழையும் அளவுக்குப் பாலம் கட்டுவது ஒரு வரி, ஒரு தொகை. மழைக்கு முன்னால் அதைச் சுத்தம் செய்வது இன்னொரு வரி, வருடா வருடம் ஒரு தொகை. ஆச்சி காட்டிய பள்ளத்துக்கு அந்த இரண்டாவது வரியைச் சேர்க்க எங்களுக்கு எட்டு மாதமும் நாலு திருத்தக் கடிதமும் ஆயின.