கச்சான் காலத்துக்கு ஒரு மரக்கறிச் சலாட்

திருகோணமலையில் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அனலை அள்ளிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் என்னிடம் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் எடுப்பவர்கள், "அக்கா, சோற்றைக் குறைத்துப் பச்சையாக ஏதாவது வையுங்கள்" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பச்சையாக வைப்பது பெரிய காரியமில்லை. வெட்டி வைத்தது, அவர்கள் பெட்டியைத் திறக்கும்போது தண்ணீரில் மிதக்காமல் இருக்க வேண்டும். அங்கேதான் வேலை இருக்கிறது. வெள்ளரிக்காயிலும் தக்காளியிலும் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்புப் பட்டதும் அதை வெளியே விட்டுவிடும். எந்தத் தண்ணீரை எப்போது வெளியேற்றுவது என்று தெரிந்தவருக்குச் சலாட் கைவந்துவிடும்.

நான்கு பேருக்கு அளவு இது: நடுத்தர வெள்ளரிக்காய் இரண்டு, கெட்டியான தக்காளி மூன்று, கரட் ஒன்று, சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் இரண்டு, வல்லாரை ஒரு கட்டு, தேசிக்காய் ஒன்றரை, தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) மூன்று மேசைக்கரண்டி, உப்பு, இடித்த மிளகு. எண்ணெய் சேர்ப்பதில்லை. மயோனைஸ் என் அடுப்படிக்குள் வருவதே இல்லை; இந்த வெயிலில் அதை நம்பிப் பார்சல் கட்ட எனக்குத் துணிவில்லை.

சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு வல்லாரைக் கட்டு வாடித் தலையைத் தொங்கப்போட்டுவிடும். வெள்ளரிக்காயில் கைக்கு அடக்கமான இளங்காய் போதும். பருத்து மஞ்சள் படர்ந்ததில் விதை முற்றியிருக்கும். வெங்காயத்துக்கு நாங்கள் வெளியே பார்க்க வேண்டியதில்லை. நிலாவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் கிணற்று நீர் இறைத்து விளைவிக்கிற சின்ன வெங்காயம் வாசலுக்கே வருகிறது. பெரிய வெங்காயம் போட்டாலும் சலாட் ஆகும், ஆனால் அந்தக் காரமும் நிறமும் வராது. கரட் மட்டும் மலைநாட்டிலிருந்து தம்புள்ளை வழியாக லொறியில் குலுங்கி வருவது. தொட்டுப் பார்த்தால் துவண்டிருக்கும். தோல் சீவி அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள், விறைப்புத் திரும்பிவிடும்.

வல்லாரையைக் கழுவுவதில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. ஈர நிலத்தில் படர்கிற கீரை அது. தண்டின் அடியில் மண்ணும் ஒட்டியிருக்கும், வேறு என்னென்னவோவும் ஒட்டியிருக்கும். வேரையும் முற்றிய தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு, அகன்ற பாத்திரத்தில் தண்ணீரை மாற்றி மாற்றி, அடியில் மண் தங்காமல் போகும்வரை அலசுங்கள். கடைசி அலசலைக் கொதித்து ஆறிய நீரில் செய்யுங்கள். பச்சையாகச் சாப்பிடுகிற எதற்கும் எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். பிறகு சுத்தமான துணியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வைத்து ஈரத்தை வாங்கவிடுங்கள். ஈரத்தோடு அரிந்தால் கீரை கத்தியில் ஒட்டிக் கூழாகிவிடும்.

இனி வெள்ளரிக்காய். காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் இன்னும் சிறிது வெட்டி எறியுங்கள், முழுதும் கசந்தால் அந்தக் காயையே விட்டுவிடுங்கள். தோலை முழுவதுமாகச் சீவாமல் கோடு விட்டுச் சீவினால் பார்க்கவும் அழகு, நார்ச்சத்தும் மிஞ்சும். நீளவாக்கில் பிளந்து, விதை பெரிதாக இருந்தால் கரண்டியால் வழித்து, விரல் தடிப்புத் துண்டுகளாக வெட்டுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவிக் கலந்து, வடிதட்டில் இருபது நிமிடம் விடுங்கள். கீழே பாத்திரம் ஒன்று வைத்தால் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு இரண்டு கைகளாலும் மெதுவாகப் பிழியுங்கள். துணி பிழிகிற பலம் வேண்டாம். உப்பில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும், ஒரு பகுதி காயில் நிற்கும். ஆகவே மேலதிக உப்புப் பற்றிய பேச்சு கடைசியில், ருசி பார்த்த பிறகுதான்.

தக்காளியை நான்காகப் பிளந்து நடுவில் இருக்கிற விதைச் சாற்றை வழித்தெடுத்துவிடுங்கள். அது இரசத்துக்குப் போகட்டும். சதையை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

வெங்காயத்தை மெல்லிய வட்டங்களாக அரிந்து, அரைத் தேசிக்காயைப் பிழிந்து, சிட்டிகை உப்புப் போட்டுப் பிசறி வையுங்கள். பத்து நிமிடத்தில் காரம் அடங்கும், புளி பட்டதும் ஊதா நிறம் இளஞ்சிவப்பாகத் துலங்கும். பகல் முழுக்க அலுவலகத்தில் நாலு பேரோடு பேச வேண்டியவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம்.

கரட்டைத் துருவுங்கள். பச்சை மிளகாயை விதை நீக்கிப் பொடியாக வெட்டுங்கள். வல்லாரையை எல்லாவற்றுக்கும் கடைசியில், கூரான கத்தியால், நூல் போல அரியுங்கள். மொட்டைக் கத்தியால் நசுக்கினால் கசப்பு ஏறும். முன்கூட்டியே அரிந்து வைத்தால் ஓரம் கறுக்கும்.

கலக்கும் முறை: பெரிய பாத்திரத்தில் முதலில் வெள்ளரிக்காய், தக்காளி, கரட், மிளகாய், அதன்மேல் வெங்காயத்தை அதன் சாற்றோடு, பிறகு மிளகு. பரிமாறும் நேரத்தில் வல்லாரையும் தேங்காய்ப்பூவும் மிச்சத் தேசிக்காய்ப் புளியும். ருசி பாருங்கள். அநேகமாக உப்பே தேவைப்படாது. இரத்த அழுத்தக்காரர் இருக்கிற வீட்டில் புளிதான் கைகொடுக்கும், நாக்கு உப்பைத் தேடாது. தேங்காய்ப்பூ வெறும் ருசிக்காகப் போடுவதல்ல. கரட்டிலும் கீரையிலும் இருக்கிற பீட்டா கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளச் சிறிது கொழுப்பு வேண்டும். அதைத் தேங்காய் கொடுத்துவிடுகிறது. தேசிக்காயின் விற்றமின் சி, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவுகிறது. எங்கள் பாட்டிமார் வல்லாரைச் சம்பலில் புளியும் தேங்காயும் விடாமல் சேர்த்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். மச்சம் சாப்பிடுகிறவர்கள் ஒரு தேக்கரண்டி மாசித் தூள் (காய்ந்த மீன் தூள்) தூவலாம். வெள்ளிக்கிழமைப் பார்சலில் மட்டும் கேட்க வேண்டாம்.

தேங்காய்க்குப் பதிலாகத் தயிர் விரும்புகிறவர்களுக்குக் கிண்ணியாவின் எருமைத் தயிர் இருக்கிறது. 2009இல் பாலம் திறந்ததிலிருந்து, படகுப் பாதைக்குக் காத்துக் கிடக்காமல் சட்டித் தயிர் நகருக்கு வந்துவிடுகிறது. சட்டியைத் திறந்ததும் மேலே தேங்கி நிற்கும் நீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, கெட்டித் தயிரில் நாலு மேசைக்கரண்டி எடுத்து, துருவிய இஞ்சி, மிளகு, சிட்டிகை உப்பு சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். தயிர் சேர்த்தால் தேசிக்காயைக் குறையுங்கள். இரண்டு புளிப்பும் ஒரே பாத்திரத்தில் சண்டை பிடிக்கும் என்பது என் கட்சி. வயிறு நிறைய வேண்டுமென்றால் முளைவிட்ட பயறு ஒரு கோப்பை போடலாம், பச்சையாக அல்ல, சில நிமிடம் நன்றாக ஆவியில் அவித்து ஆறவைத்து.

வேலைக்குக் கொண்டு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: வெட்டிய மரக்கறி ஒரு பெட்டியில், தேங்காய்ப்பூவோ தயிரோ சிறிய மூடிப் போத்தலில், தேசிக்காய்ப் பாதி தனியாக. எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில் நன்றாகக் குளிர வைத்த பிறகே கட்டுங்கள். வெட்டிய உணவை 32 பாகை செல்சியஸுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. எங்கள் ஊரில் மத்தியானம் அந்தக் கோட்டைத் தாண்டாத நாள் இந்த மாதங்களில் அரிது. நான் பார்சல்களை ஐஸ் போட்ட ரெஜிபோம் (வெண்ணுரைப் பிளாஸ்டிக்) பெட்டியில் அனுப்புகிறேன். பெட்டி புதிதாக இருக்கட்டும். மீன் வைத்த பெட்டியை எத்தனை தரம் கழுவினாலும் மீனின் வாடை போகாது.

சீவிய தோலை பொலித்தீன் பையில் கட்டித் தெருவோரம் வைக்காதீர்கள். நகரத்தில் திரிகிற மான்கள் பையையும் சேர்த்தே தின்றுவிடுகின்றன. வாழையடியில் கொட்டினால் வாழைக்கு ஆகும்.

மிஞ்சினால், தேங்காய்ப்பூவும் தயிரும் சேராத மரக்கறியை மூடிக் குளிரில் வைத்து, இரவு பாணுக்குள் அவித்த முட்டையோடு வைத்துச் சாப்பிடலாம். சேர்ந்துவிட்டதை இரவுக்கு வைக்க வேண்டாம்.