ரோமானியக் கோட்டையின் மதிலையும் அகழியையும் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி

பிரிட்டனில் ரோமானியக் கோட்டை பார்க்கப் போகிறவர்களில் பலர் மதில் எங்கே உயரமாக நிற்கிறதோ அங்கே ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த உயரமான பகுதி பல ஊர்களில் ரோமானியர் கட்டியதே இல்லை, அவர்களுடைய வேலை அதற்குக் கீழே இருக்கும். அதனால் மதிலை விட்டுவிட்டு முதலில் தரையிலிருந்து தொடங்குங்கள்.

போவதற்கு முன்பே வரைபடத்தைத் திறந்து கோட்டையின் வடிவத்தைத் தேடுங்கள். சீட்டுக்கட்டு அட்டை மாதிரி, மூலைகள் வளைந்த செவ்வகம், அதில் நான்கு வாயில்கள். ஒரு முழு லீஜியன், அதாவது ரோமானியப் பெரும் படைப்பிரிவு, தங்கிய கோட்டை என்றால் சுமார் 20 ஹெக்டேர் இருக்கும். மேலே நகரமே எழும்பியிருந்தாலும் தெருக்கள் காட்டிக்கொடுத்துவிடும்: யார்க் நகரின் ஸ்டோன்கேட், பீட்டர்கேட் இரண்டும் இன்றைக்கும் கோட்டையின் பிரதான சாலைகளின் தடத்தில்தான் போகின்றன. திறந்தவெளி என்றால் லைடார் படங்களைப் பாருங்கள் (வானிலிருந்து லேசர் ஒளியால் தரையின் மேடுபள்ளத்தை அளந்து எடுத்தவை), இங்கிலாந்தின் பெரும்பகுதிக்கு இலவசமாகவே கிடைக்கின்றன.

நேரில் போனதும் வெளியிலிருந்து உள்ளே நடங்கள், தாக்க வந்தவன் எப்படி வந்திருப்பானோ அப்படி. முதலில் வருவது அகழி. வெட்டியபோது V வடிவில் செங்குத்தாக இருந்தது, பிறகு மண் சரிந்து நிரம்பியதால் இன்று வெறும் பள்ளமாகத் தெரியும். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ, புல் குட்டையாக இருக்கும் பருவத்தில் போனால்தான் நிழலில் அதன் வரி தெளியும். ஸ்காட்லாந்தின் ஆர்டாக் கோட்டையில் கிழக்குப் பக்கம் 5 அகழிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. மதில் ஒன்றுமே இல்லாத அந்த இடம், பாதுகாப்பு என்றால் என்ன என்பதைப் பல கல்மதில்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது.

அடுத்தது மண்மேடு. ஆரம்பகாலக் கோட்டைகள் புல்கட்டியாலும் மண்ணாலும் மரத்தாலும் ஆனவை. வேல்ஸின் கார்லியன், இங்கிலாந்தின் செஸ்டர் போன்ற இடங்களில் கி.பி. 100 வாக்கில்தான் கல்மதில் வருகிறது, அதுவும் பழைய மேட்டின் முன்பக்கத்தில். அதனால் மதிலின் முதுகையும் கட்டாயம் பாருங்கள், மண் சாய்வு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கார்லியனில் அந்த மேட்டின் உட்புறத்தில் அடுப்புகளின் அடித்தளம்கூடத் தெரிகிறது. தீ பரவிவிடக் கூடாது என்று சமையலைப் படைவீடுகளிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள்.

சரி, இப்போது மதிலுக்கு வாருங்கள். கரடுமுரடாகக் காரையும் கல்லும் கலந்து தெரிந்தால் அது மதிலின் உள்நிரப்பு. அழகாகச் செதுக்கிய முகப்புக் கற்களைப் பின்னாளில் வேறு கட்டடங்களுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். சிறு சதுரக் கற்களின் வரிசை, நடுவே சிவப்புச் செங்கல் பட்டை, இடித்த ஓட்டுத்தூள் சேர்ந்த இளஞ்சிவப்புக் காரை எல்லாம் ரோமானிய அடையாளங்கள். ஆனால் செங்கல் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், இடைக்காலக் கொத்தனார்கள் ரோமானியச் செங்கற்களைத் தாராளமாக மறுபடி பயன்படுத்தினார்கள். கண்ணைப் பழக்க யார்க்கின் பலமுகக் கோபுரம்தான் நல்ல இடம்: கீழே சிறு கற்களும் சிவப்புப் பட்டையும், மேலே பெரிய கற்களும் அம்பு எய்யும் துளைகளும், அந்த மேல்பகுதி இடைக்காலத்தது. கோபுரத்துக்குள் கிடக்கும் கல் சவப்பெட்டிகளைப் பார்த்து அது கல்லறை என்று நினைத்துவிட வேண்டாம். ரோமானியர் இறந்தவர்களைக் குடியிருப்புக்கு வெளியேதான் புதைத்தார்கள், அவை வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. செஸ்டரின் வடக்கு மதிலில் நேர்மாறான கதை: 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழுதுபார்த்தபோது கல்லறைக் கற்கள் ஏராளமாக மதிலுக்குள்ளேயே கிடைத்தன, ரோமானியர்களே பழுதுபார்க்க எடுத்துப் போட்டவை.

காலத்தைக் கணிக்கக் கோபுரங்கள் உதவும். மதிலுக்கு உட்புறமாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நூற்றாண்டுகள். இங்கிலாந்தின் போர்ட்செஸ்டர் கோட்டை மாதிரி அரைவட்டக் கொத்தளங்கள் வெளியே துருத்தினால் பிற்காலம். அதே இங்கிலாந்தின் பர்க் காசில் கோட்டையில் ஒரு விஷயம் அவசியம் பாருங்கள், கொத்தளங்கள் அடியில் மதிலோடு இணையாமல் மேலே மட்டும் இணைந்திருக்கின்றன. வேலை பாதியில் நடந்துகொண்டிருக்கும்போதே திட்டத்தை மாற்றியிருக்கிறார்கள்! அப்புறம் எந்தக் கோட்டைக்குப் போனாலும் இந்த இணைப்புகளைத்தான் உங்கள் கண் முதலில் தேடும்.

மதில்மேல் ஏறாதீர்கள், உதிர்ந்த கல்லையும் எடுக்காதீர்கள். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம், இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அங்கே மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவதற்கும் தனி அனுமதி வேண்டும். ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் கார்லியனைத் தேர்ந்தெடுங்கள், மதில், மண்மேடு, மூலைக் கோபுரத்தின் அடித்தளம், படைவீடுகள் எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.