டோக்கியோவில் 25:30, ரோஸ் ஹில்லில் எத்தனை மணி?

போன வாரம் தங்கை மகன் கைப்பேசியை நீட்டினான். "பெரியம்மா, இந்த அனிமே, அதான் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், வெள்ளிக்கிழமை 25:30-க்கு வருமாம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தானே?"

அது அச்சுப்பிழை இல்லை. நள்ளிரவு தாண்டி வரும் நிகழ்ச்சியை ஜப்பானியத் தொலைக்காட்சிகள் முந்தைய நாளின் கணக்கிலேயே எழுதும். வெள்ளி 25:30 என்றால் சனி அதிகாலை 1:30. ரோஸ் ஹில் இருக்கும் நம் மொரீஷியஸ் ஜப்பானுக்கு 5 மணி நேரம் பின்னால் இருப்பதால், 25:30-இலிருந்து ஐந்தைக் கழியுங்கள். வெள்ளி இரவு 8:30, கிழமைகூட மாறாது. கோயிலிலிருந்து திரும்பி, தட்டில் நான்கு காத்தோ பிமாவுடன் (நம் ஊர் மிளகாய் வடை) உட்கார்ந்துவிடலாம். ஜப்பானில் ஒளிபரப்பான பிறகு ஓடிடி தளத்தில் ஏற அரை மணியோ ஒரு மணியோ ஆகலாம். அதனால் தளத்தின் அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள்.

பிரெஞ்சு அட்டவணையைப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் இருப்பது பாரிஸ் நேரம். கோடையில் நாம் பாரிஸைவிட 2 மணி நேரம் முன்னால், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் 3 மணி நேரம் முன்னால். நாமும் ஜப்பானியரும் கடிகாரத்தைத் திருப்புவதில்லை, பிரெஞ்சுக்காரர்கள் திருப்புகிறார்கள். இது தெரியாமல் ஒரு நவம்பர் மாதம் முழுவதும் பிள்ளைகளை ஒரு மணி நேரம் காக்க வைத்தேன்.

அடுத்தது பணம். ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டு, நாங்கள் தேடிய தொடர் இங்கே கிடையாது என்று பிறகு அறிந்தது எங்கள் வீட்டுக் கதை. பாரிஸில் இருக்கும் என் நாத்தனார் அதே தளத்தில் அதே தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் உரிமை. ஓர் அனிமேவுக்குப் பெரும்பாலும் பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி எனப் பலர் கூட்டாகப் பணம் போடுகிறார்கள். வெளிநாட்டு உரிமையைப் பகுதி பகுதியாகப் பிரித்து விற்கிறார்கள். ஆகவே, உங்கள் வீட்டு இணையத்திலிருந்து தொடரின் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் மட்டும் ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். புதிய தொடர்கள் பெரும்பாலும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் தொடங்கி, 12 அல்லது 13 வாரம் ஓடும். மூன்று மாதச் சந்தா ஒரு தொடருக்குப் போதும்.

தேடும்போது ஜப்பானியப் பெயரையும் போட்டுப் பாருங்கள். நான் சிறுமியாக இருந்தபோது உயிரைவிட்டுப் பார்த்த 'கோல்டொராக்' 1975-இல் ஜப்பானில் 'கிரெண்டைசர்' என்ற பெயரில் வந்தது. 1978 ஜூலையில் பிரான்ஸின் ஆந்தென் 2 தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது தலைப்போடு நாயகனின் பெயரும் மாறியது. எங்கள் நாயகன் ஆக்தாருஸ் உண்மையில் டியூக் ஃப்ளீட்! நாற்பது வயதுக்கு மேல் அதைத் தெரிந்துகொண்ட அன்று, பால்ய நண்பன் ஒருவனின் சொந்தப் பெயரைக் கேட்டது போல் இருந்தது. 'ஒலீவ் ஏ தோம்' என்று நாம் அறிந்த கால்பந்துத் தொடரும் 'கேப்டன் சுபாசா'தான்.

குரலைப் பொறுத்தவரை, அசல் ஜப்பானிய ஒலியும் பிரெஞ்சு சப்டைட்டிலும் என் தேர்வு. மொழிபெயர்ப்பாளர் கைக்கு வசனம் முன்கூட்டியே வந்துவிடுவதால் சப்டைட்டில் அன்றே கிடைக்கும். குரல் மாற்றிய (டப்பிங்) பதிப்புக்குப் பெரும்பாலும் சில வாரங்களாவது காத்திருக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுபிள்ளைகளுக்கு மட்டும் குரல் மாற்றியதைப் போடுங்கள்.

ஒலிப் பட்டியலைக் கடைசி வரி வரை தள்ளிப் பார்க்க மறக்காதீர்கள். அனிமே ஓடிடி தளமான கிரஞ்ச்ரோல் சில தொடர்களுக்கு இந்தியப் பார்வையாளர்களுக்காகத் தமிழ்க் குரலும் சேர்த்திருக்கிறது. அது நம் தீவில் தெரிகிறதா என்பது தொடருக்குத் தொடர் மாறும். ஒவ்வொரு புதுத் தொடரிலும் நான் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.