சென்னை, லண்டன், டொரண்டோ, சிங்கப்பூர்: எல்லாருக்கும் ஒரே ஜூம் கூட்டம்

நான்கு ஊருக்கும் ஒத்துவரும் நேரம் சென்னை இரவு 7:30 மணி. கோடைக்காலத்தில் அப்போது லண்டனில் பிற்பகல் 3, டொரண்டோவில் காலை 10, சிங்கப்பூரில் இரவு 10. சிட்னியில் நள்ளிரவு ஆகிவிடும். அங்கிருந்து ஆள் இருந்தால் இந்த நேரம் வேண்டாம்.

வாராந்திரக் கூட்டம் குழம்புவது பெரும்பாலும் மார்ச்சில்தான். இந்தியாவும் சிங்கப்பூரும் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றுவதில்லை. டொரண்டோ மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றுகிறது, பிரிட்டன் கடைசி ஞாயிறு. 2026இல் அவை மார்ச் 8, மார்ச் 29. இடைப்பட்ட மூன்று வாரமும் டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் 5 மணியிலிருந்து 4 ஆகக் குறையும். அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகும் ஒரு வாரம் இதே கதை.

அதனால் கூகுள் கேலண்டரில் நிகழ்வை உருவாக்கும்போதே, நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள நேர மண்டலத்தைத் தொட்டு இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் எந்த மண்டலத்தில் பதிவாகிறதோ அதன் கடிகாரத்தையே ஆண்டு முழுக்கப் பின்பற்றும். லண்டன்காரர் தன் ஊர் நேரத்தில் பதிந்தால், சென்னையில் அது ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரம் நகரும். இந்திய நேரத்தில் வைத்தால் குளிர்காலத்தில் லண்டனுக்குப் பிற்பகல் 2, டொரண்டோவுக்குக் காலை 9. இரண்டுமே வசதியான நேரந்தான்.

வாட்ஸ்அப் அழைப்பில் 'இஎஸ்டி' என்று போடாதீர்கள். அது டொரண்டோவின் குளிர்கால நேரம். ஜூலையில் அப்படி எழுதினால், அதைப் பார்த்துக் கணக்கிடுபவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். 'டொரண்டோ காலை 10, சனி' என்று ஊர், நேரம், கிழமை மூன்றையும் எழுதுங்கள்.