பிக்கப்புக்கு ஷாக் அப்சார்பர் தேர்ந்தெடுத்த அனுபவம்

வண்டி காலியாகப் போகும்போது சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறினாலே பின்பக்கம் துள்ளிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால் பின் ஷாக் இரண்டிலும் ஆயில் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. டயரைத் தடவினால் மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டுப்பட்டது.

"லோடு அடிக்கிற வண்டி, இருப்பதிலேயே கெட்டியானதைப் போடுங்க" என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாரத்தைத் தாங்குவது பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. பாதி நேரம் காலியாக ஓடும் வண்டிக்கு ரொம்ப இறுக்கமானதைப் போட்டால் நம் இடுப்புதான் கழலும்.

அடுத்தது ஒரே குழாய் உள்ள மோனோட்யூபா, குழாய்க்குள் இன்னொரு குழாய் உள்ள ட்வின்ட்யூபா? மோனோட்யூபில் சூடு சீக்கிரம் வெளியேறும். ஆனால் வெளியே தெரியும் குழாய்க்குள்ளேயே பிஸ்டன் ஓடுவதால், கல் பட்டு நசுங்கினால் அதோடு சரி. நான் போகும் பாதையெல்லாம் ஜல்லி. அதனால் நைட்ரஜன் நிரப்பிய ட்வின்ட்யூப் ஜோடியாக வாங்கினேன். வண்டியின் உயரத்தைக் கூட்டவில்லை, ஷாக்குக்கு ஒரிஜினல் நீளமே போதும். உயரத்தைக் கூட்டியவர்கள் ஷாக் முழுக்க நீண்ட அளவு, முழுக்கச் சுருங்கிய அளவு இரண்டையும் பார்க்காமல் வாங்கவே கூடாது.

மாட்டும்போது ஒரு விஷயம். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை இறங்கிய பிறகே ஷாக்கின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை முழுதாக முறுக்கினேன். தொங்கலில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

துள்ளல் நின்றது. டயர் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. தேய்ந்த டயரை மாற்றினால்தான் அது போகும்.