ஊருணிச் சேற்றில் ஆக்சிஜன்: நைட்ரேட் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து ஊருணிகளில் கோடையில் நீர் இறங்கும்போது, கடைசிப் படிக்குக் கீழுள்ள சேற்றைச் செங்குத்தாக வெட்டிப் பார்த்தால், மேலே பாலேடு போலச் சில மில்லிமீட்டர் கனத்தில் பழுப்புப் படலமும், அதற்கடியில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கறுத்த வண்டலும் தெரியும். ஆக்சிஜன் எட்டுவது பெரும்பாலும் அந்தப் பழுப்புப் படலம் வரைதான். நீரில் கரைந்த நைட்ரஜன் சேர்மமான நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியாக்கள் அதற்குச் சற்றுக் கீழே, ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வேலை செய்கின்றன. எனவே, மேல்நீரில் மீட்டரை வைத்து, லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்சிஜன் இருப்பதால் இங்கே நைட்ரஜன் வெளியேற்றம் நடக்காது என்று முடிவு கட்டுவது தவறு.

இதைவிடப் பெரிய தவறு, ஆக்சிஜன் குறையக் குறைய வெளியேற்றம் கூடிக்கொண்டே போகும் என்று நம்புவது. மட்கும் இலைதழைகளிலிருந்து முதலில் வருவது அம்மோனியம். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். அடிநீரில் ஆக்சிஜன் முற்றிலும் தீர்ந்தால் புதிய நைட்ரேட் உருவாகாது. வெளியேற்றமும் நின்று, அம்மோனியம் நீரிலேயே தேங்கிவிடும். அதேசமயம், உரம் கலந்த வயல்நீர் வடியும் கண்மாயில் நைட்ரேட் ஏற்கெனவே மிகுந்திருக்கும். அங்கே ஆக்சிஜன் படலம் தடிக்கத் தடிக்க, நைட்ரேட் கீழே இறங்கவேண்டிய தூரம் கூடி, வெளியேற்றம் குறையும். ஆகவே, மேல்நீரின் நைட்ரேட் அளவைச் சொல்லாமல் ஆக்சிஜனின் விளைவைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்பதே என் உறுதியான கருத்து.

வெளியேறுவது முழுவதும் தீங்கற்ற நைட்ரஜன்தான் என்றும் கருதிவிடக் கூடாது. நைட்ரேட் படிப்படியாகத்தான் நைட்ரஜனாகிறது; நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக்கும் கடைசிப் படிநிலைக்குரிய நொதி ஆக்சிஜனால் எளிதில் முடங்குவதால், சிறிதளவு ஆக்சிஜன் கசியும் இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு அப்படியே வெளிவரலாம். வெப்பத்தைத் தேக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது.

நைட்ரேட் குறைந்ததெல்லாம் வாயுவாகிவிட்டது என்று கணக்கெழுதுவதும் சரியன்று. ஒரு பகுதியைப் பாசி உறிஞ்சியிருக்கலாம், கறுத்த வண்டலில் ஒரு பகுதி மீண்டும் அம்மோனியமாகியிருக்கலாம்.

பாசி பிடித்த ஊருணியில், சேற்றில் ஆக்சிஜன் எட்டும் எல்லை பகலில் ஆழமாக இறங்கி, இரவில் மேலேறிவிடும். நண்பகல் அளவீட்டோடு நிறுத்தாமல், விடியலுக்கு முன்பும் ஒருமுறை அளக்க வேண்டும். சேற்றை வாளியில் அள்ளிக் கலக்கினால் படலம் அங்கேயே அழிந்துவிடும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மெல்ல அழுத்தி, மேல்நீரோடு சேர்த்தே எடுத்து, இரு முனைகளையும் அடைத்து, நிமிர்த்தியபடியே ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.